பைபாஸுக்குப் போகிறவரின் கிட்னி: சேலம், ஏற்காடு குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு வீட்டில் பைபாஸ் என்று முடிவானதும் எழுகிற கேள்விகள் எல்லாம் இதயத்தைச் சுற்றியே இருக்கும். எத்தனை அடைப்பு, எவ்வளவு செலவு, ரத்தம் யார் கொடுப்பது, எப்போது எழுந்து நடப்பார். கிட்னியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் டாக்டர் ஐசியூ வாசலுக்கு வந்து, "ஹார்ட் நல்லா இருக்கு, கிரியேட்டினின்தான் கொஞ்சம் ஏறியிருக்கு" என்று சொல்லும்போதுதான் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கிரியேட்டினின் என்பது கிட்னி வெளியேற்ற வேண்டிய ஒரு கழிவு, கிட்னி தளர்ந்தால் ரத்தத்தில் அது ஏறும்.

எங்கள் வீடு அஸ்தம்பட்டியில், ஏற்காடு ரோட்டை ஒட்டி. மலையிலிருந்து சிகிச்சைக்கு இறங்குகிற சொந்தக்காரர்கள் தங்குவது இங்கேதான். ஐசியூ வாசலில் நிற்கிற வேலை பெரும்பாலும் எனக்கே வந்து சேரும். நான் டாக்டர் இல்லை. எந்த மருந்தை நிறுத்துவது, எதை ஆரம்பிப்பது என்பதெல்லாம் உங்கள் டாக்டர் சொல்படிதான். குடும்பத்தின் கையில் இருக்கிற வேலைகளை மட்டும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அளவு தெரிய வேண்டும். 2024-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 3,511 பேரைக் கவனித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 31.7 பேருக்கு ஏதோ ஓர் அளவில் கிட்னி பாதிப்பு வந்தது. இவர்களில் பெரும்பாலோருக்கு அது லேசானது, சில நாளில் சரியாகிவிடும். டயாலிசிஸ் வரை போவது நூற்றில் ஓரிருவரிலிருந்து ஐந்து பேர் வரை. ஆக, இது அபூர்வமாக யாருக்கோ வருகிற விஷயம் இல்லை. அதே சமயம் வந்தவுடன் எல்லாம் போச்சு என்று உட்கார வேண்டியதும் இல்லை.

ஏன் வருகிறது?

இதயம் வெளியே தள்ளுகிற ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கோ அதற்குக் கொஞ்சம் மேலோ கிட்னிகளுக்குப் போகிறது. இரண்டும் சேர்ந்து கால் கிலோ சொச்சம்தான் எடை, ஆனால் அவ்வளவு ரத்தம் வேண்டும். ஆபரேஷன் நேரத்தில் இதயத்தை நிறுத்திவிட்டு, இதய நுரையீரல் இயந்திரம் ரத்தத்தை ஓட்டுகிறது. அப்போது நாடித்துடிப்பு இல்லாத சீரான ஓட்டம், கொஞ்சம் குறைந்த அழுத்தம், திரவம் கலந்து நீர்த்துப்போன ரத்தம். இயந்திரத்துக்குள் கொஞ்சம் சிவப்பணுக்களும் உடையும். உடம்பு முழுக்க ஒரு அழற்சி கிளம்பும். இதெல்லாம் சேர்ந்து கிட்னியைப் பிடிக்கிறது. ஆபரேஷனுக்குப் பிறகு இதயம் சில நாள் சோர்வாக இருந்தாலும் கிட்னிக்குப் போகும் ரத்தம் குறையும்.

யாருக்கு அதிகம் வரும் என்பதும் ஓரளவு தெரிந்ததுதான். ஏற்கனவே கிட்னி பலவீனமாக இருப்பவர், பல வருட சர்க்கரை, பிரஷர், வயதானவர், ரத்த சோகை உள்ளவர், இதயத்தின் பம்பிங் குறைந்தவர், அவசரமாக ஆபரேஷனுக்குப் போகிறவர், பைபாஸோடு வால்வும் சேர்த்து மாற்றிக்கொள்கிறவர். இதில் இரண்டு மூன்று உங்கள் வீட்டு நபருக்குப் பொருந்தினால் கீழே உள்ளதைக் கூடுதல் கவனத்தோடு படியுங்கள்.

1. பழைய கிரியேட்டினின் எண்ணைத் தேடி எடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். ஆபரேஷனுக்கு முன்பு அவருடைய கிரியேட்டினின் எவ்வளவு? அந்த எண் தெரியாமல் பிறகு வருகிற எந்த எண்ணுக்கும் அர்த்தம் சொல்ல முடியாது.

ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று இருந்தால் போதாது. கிரியேட்டினின் 1.1 என்று வைத்துக்கொள்வோம். முப்பது வயது ஆணுக்கு அந்த எண் இருந்தால் கிட்னியின் வடிகட்டும் திறன் 90-க்கு மேல். எழுபது வயது அம்மாவுக்கு அதே 1.1 இருந்தால் திறன் 54 அளவில்தான், அதாவது ஏற்கனவே குறைந்துபோன கிட்னி. இந்தத் திறனை ஈ.ஜி.எஃப்.ஆர். என்று பல லேப்கள் ரிப்போர்ட்டிலேயே போட்டுத் தருகின்றன. போடவில்லை என்றால் டாக்டரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கூடவே யூரினில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கிரியேட்டினின் சரியாக இருக்கும்போதே சர்க்கரைக்காரர்களுக்கு அல்புமின் கசிய ஆரம்பித்திருக்கும்.

பழைய ரிப்போர்ட் எங்கே கிடைக்கும்? பீரோவில் இருக்கும் பிளாஸ்டிக் கவர், கம்பெனியில் எடுத்த ஹெல்த் செக்கப், கண் ஆபரேஷனுக்கு எடுத்த ரத்தப் பரிசோதனை, எங்கிருந்தாலும் சரி. ஏற்காட்டில் எஸ்டேட் வேலைக்குப் போகிறவர்களிடம் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அப்படியானால் ஆபரேஷன் தேதி குறிக்கிற அன்றைக்கு எடுக்கும் எண்தான் உங்கள் அடிப்படை எண்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஆஞ்சியோகிராமில் போடுகிற மருந்து, அதாவது டை, சிலருக்கு கிட்னியைப் பாதிக்கும். பாதித்தால் இரண்டு மூன்று நாளில் கிரியேட்டினின் ஏறிக் காட்டும். காலையில் ஆஞ்சியோ எடுப்பதற்கு முன் எடுத்த ரத்தத்தையே கடைசி எண்ணாக வைத்துக்கொண்டு ஆபரேஷனுக்குப் போனால் அந்த ஏற்றம் கண்ணில் படாது. "ஆஞ்சியோவுக்கு அப்புறம் கிரியேட்டினின் திரும்பப் பார்த்தாச்சா சார்?" என்று கேளுங்கள். ஏறியிருந்தால், அவசரம் இல்லாத பட்சத்தில், அது இறங்கும்வரை காத்திருக்கலாமா என்று டாக்டரே யோசிப்பார். மாரடைப்போடு வந்து உடனே செய்ய வேண்டிய நிலைமை என்றால் பேச்சே இல்லை, இதயம்தான் முதலில்.

2. மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள்

சீட்டு வேண்டாம், மாத்திரைகளே வேண்டும். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, நாட்டு மருந்து, சூரணம் எல்லாமும். தைலம் மட்டும் வேண்டாம்.

சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகளைப் பெரிய ஆபரேஷனுக்குக் குறைந்தது 3 நாள் முன்பே நிறுத்துவது வழக்கம். மெட்ஃபார்மினையும் நிறுத்துவார்கள். பிரஷருக்கான ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன் போன்றவற்றைப் பல இடங்களில் முந்தைய நாளே நிறுத்தச் சொல்வார்கள். இவை கெட்ட மாத்திரைகள் இல்லை. நீண்ட காலத்தில் கிட்னியைக் காப்பவையே இதில் உண்டு. ஆபரேஷன் சமயத்தில் பிரஷர் அதிகமாக இறங்கிவிடக் கூடாது என்பதற்காகப் பிரஷர் மாத்திரைக்கும், ரத்தத்தில் அமிலம் கூடிவிடக் கூடாது என்பதற்காகச் சர்க்கரை மாத்திரைக்கும் இந்த இடைவெளி. எதை எப்போது என்று மயக்க டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வலி மாத்திரை விஷயம்தான் பெரிய தலைவலி. தறியில் உட்காருகிறவருக்கு முதுகு, வெள்ளிப் பட்டறையில் குனிந்திருப்பவருக்குக் கழுத்து, காப்பித் தோட்டத்தில் ஏறி இறங்குகிறவருக்கு முழங்கால். மெடிக்கலில் போய் "வலிக்கு ரெண்டு வேளைக்குக் குடுங்க" என்றால், அட்டையிலிருந்து கத்தரித்த நாலு மாத்திரையைக் காகிதக் கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள். பெயர் தெரியாது. அதில் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் மாதிரி ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். கிட்னிக்குள் போகும் ரத்தக்குழாயைச் சுருக்குகிறவை இவை. ஆபரேஷன் நாள் நெருங்கும்போது இவை கூடவே கூடாது. "மாத்திரையெல்லாம் ஒண்ணும் சாப்பிடறதில்லை" என்று சொல்கிற பெரியவர்களிடம் "வலிக்கு என்ன பண்ணுவீங்க?" என்று வேறு விதமாகக் கேட்டுப் பாருங்கள். அப்போதுதான் அந்தக் காகிதக் கவர் வெளியே வரும்.

நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்க வேண்டாம். குறிப்பாகப் பற்பம், செந்தூரம் போன்றவை சாப்பிட்டிருந்தால் பெயரோடு சொல்லிவிடுங்கள். டாக்டர் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும்.

நேரம் இருந்தால் ஹீமோகுளோபினையும் சரிசெய்யப் பார்க்கலாம். ரத்த சோகையோடு போகிறவருக்கு ஆபரேஷனில் ரத்தம் ஏற்ற வேண்டி வருவது அதிகம், கிட்னி பாதிப்பும் அதிகம். இரும்புச் சத்து வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும் என்பதால் தேதி குறிக்கும்போதே கேளுங்கள். பீடி, சிகரெட்டைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

3. மருத்துவமனையைத் தீர்மானிக்கும் முன் கேட்க வேண்டியவை

சேலத்தில் இதய ஆபரேஷனுக்கு அரசு மருத்துவமனையும் தனியார் மருத்துவமனைகளும் இருக்கின்றன. சிலர் கோவைக்கோ சென்னைக்கோ போகிறார்கள். எங்கே போனாலும் சரி, சர்ஜன் பெயரை மட்டும் பார்க்காதீர்கள். கிட்னி டாக்டர் அங்கேயே இருக்கிறாரா, இல்லை அழைத்தால் வருகிறவரா? ஐசியூ கட்டிலுக்கே டயாலிசிஸ் இயந்திரத்தைக் கொண்டுவர முடியுமா, இல்லை நோயாளியை வேறு கட்டடத்துக்கு நகர்த்த வேண்டுமா? நடு இரவில் தேவைப்பட்டால் செய்வார்களா? இந்த மூன்றுக்கும் பதில் நேராக வந்தால் நிம்மதி. கிட்னி ஏற்கனவே பலவீனமாக உள்ளவருக்கு, வீட்டுக்குப் பக்கம் என்பதைவிட இந்தப் பதில்கள் முக்கியம் என்பது என் கருத்து.

செலவு பற்றியும் முன்பே பேசுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், வருமானச் சான்றும் ரேஷன் கார்டும் ஆதாரும் வேண்டும். பைபாஸ் இதில் வந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். "ஆபரேஷனுக்கு அப்புறம் டயாலிசிஸ் தேவைப்பட்டால், ஐசியூ நாட்கள் கூடினால், அதுக்குத் தனி அனுமதி வாங்கணுமா, கையிலிருந்து கட்டணுமா?" என்பதுதான் காப்பீட்டு மேசையில் கேட்க வேண்டிய கேள்வி. ஐசியூவில் ஆள் இருக்கும்போது இதைக் கேட்டுக்கொண்டு ஓடுவதைவிடக் கொடுமை வேறில்லை.

மலையில் இருப்பவர்கள் சான்றிதழ் வேலையை முதலில் முடியுங்கள். வி.ஏ.ஓ. இல்லாத நாளில் போய்விட்டால் ஒரு நாள் கூலியும் போகும், பஸ் காசும் போகும்.

4. ஆபரேஷன் நாள்

குடும்பம் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. உள்ளே பிரஷரை இறங்கவிடாமல் பார்ப்பது, இயந்திர நேரத்தைக் குறைப்பது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது எல்லாம் அவர்கள் வேலை. சிலருக்கு இயந்திரம் இல்லாமல், ஓடுகிற இதயத்திலேயே பைபாஸ் செய்வார்கள். அது யாருக்குப் பொருந்தும் என்பது சர்ஜன் முடிவு.

"கிட்னிக்கு முன்கூட்டியே ஏதாவது ஊசி போட்டுடக் கூடாதா?" என்று பலர் கேட்கிறார்கள். பல வருடமாகப் பல மருந்துகளை முயன்று பார்த்துக் கைவிட்டிருக்கிறார்கள். குறைந்த அளவு டோபமைன் ஒரு காலத்தில் பிரபலம், பயன் இல்லை என்று பிறகு தெரிந்தது. மேலே சொன்ன 2024 ஆய்வில் அமினோ அமிலங்களைச் சொட்டு சொட்டாக ஏற்றியபோது பாதிப்பு 31.7-இலிருந்து 26.9 ஆகக் குறைந்தது. நல்ல செய்திதான். எல்லா இடத்திலும் வழக்கமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கேட்டுப் பார்க்கலாம்.

5. ஐசியூவில் முதல் மூன்று நாள்

ஒரு நோட்டு வாங்குங்கள். நாற்பது பக்கம் போதும். ஒவ்வொரு நாளும் ஒரு வரி: தேதி, கிரியேட்டினின், பொட்டாசியம், ஹீமோகுளோபின், 24 மணி நேரத்தில் போன யூரின், எடை பார்த்திருந்தால் எடை. முதல் வரியில் ஆபரேஷனுக்கு முந்தைய எண்ணை எழுதிவிடுங்கள்.

உலகம் முழுக்க டாக்டர்கள் பயன்படுத்தும் அளவுகோல் 2012-இல் வந்தது. 48 மணி நேரத்துக்குள் கிரியேட்டினின் 0.3 ஏறினாலோ, 7 நாளுக்குள் பழைய எண்ணைப்போல் ஒன்றரை மடங்கு ஆனாலோ, 6 மணி நேரம் தொடர்ந்து யூரின் குறைந்தாலோ அது கிட்னி பாதிப்பு. இரண்டு மடங்கானால் இரண்டாம் நிலை. மூன்று மடங்கானாலோ, 4-ஐத் தொட்டாலோ, டயாலிசிஸ் ஆரம்பித்தாலோ மூன்றாம் நிலை.

நோட்டின் பயன் இங்கேதான் தெரியும். அப்பாவுக்கு ஆபரேஷனுக்கு முன் 0.8. இரண்டாம் நாள் 1.2. லேப் ரிப்போர்ட்டில் 1.2 என்பது தடித்த எழுத்தில் வராது, பக்கத்தில் அம்புக்குறியும் இருக்காது, ஏனென்றால் அது பொதுவான வரம்புக்குள் இருக்கிறது. ஆனால் அப்பாவின் கணக்கில் அது ஒன்றரை மடங்கு. தினமும் ரிப்போர்ட்டைத் தனித்தனியாகப் பார்க்கிறவருக்கு இது தெரியாது, வரிசையாக எழுதி வைத்தவருக்குச் சட்டென்று தெரியும்.

யூரின் கணக்கும் எளிதுதான். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு மணிக்கு அரை மில்லி. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி, ஆறு மணி நேரத்துக்கு 180 மில்லி. அதற்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். கிரியேட்டினின் மெதுவாகத்தான் ஏறும், ஒன்றிரண்டு நாள் பின்தங்கி வரும். முதல் நாள் ஏற்றிய திரவத்தால் ரத்தம் நீர்த்து, எண் பழையதைவிடக் குறைவாகவே காட்டலாம். "முதல் நாள் 0.7தானே இருந்தது" என்று அன்றே நிம்மதி அடைந்துவிடாதீர்கள். யூரின்தான் முதலில் சேதி சொல்லும்.

ஐசியூவில் ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள், அதுவும் கொஞ்ச நேரம். தினமும் வேறு வேறு ஆள் போனால் தகவல் சிதறிப்போகும். ஒரே ஆள் போகட்டும், நோட்டோடு. "சிஸ்டர், இன்னிக்கு கிரியேட்டினின் எவ்வளவு? நேத்துல இருந்து யூரின் எவ்வளவு போயிருக்கு?" என்று இரண்டே கேள்வி. ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் கேட்காதீர்கள். "உப்பு கொஞ்சம் கூடியிருக்கு" என்று யாராவது பொதுவாகச் சொன்னால் (கிரியேட்டினினைத்தான் அப்படிச் சொல்வார்கள்), எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

தண்ணீர் விஷயத்தில் குடும்பங்கள் செய்கிற சேட்டை கொஞ்சநஞ்சமில்லை. "தாகமா இருக்குன்னு கெஞ்சுறார், சொட்டுத் தண்ணி தர மாட்டேங்கறாங்க" என்று கோபப்பட்டு, இளநீரைப் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுபோய் ரகசியமாகக் கொடுக்கப் பார்ப்பவர்கள் உண்டு. சோர்ந்த இதயத்தோடு இருப்பவருக்குத் திரவம் கூடினால் நுரையீரலில் தேங்கும். கிட்னிக்கும் அது நல்லதில்லை, பின்னால் தேங்குகிற அழுத்தமே கிட்னியைக் கெடுக்கும். இளநீரில் பொட்டாசியம் வேறு, கிட்னி தளர்ந்தால் அது ரத்தத்தில் தேங்கி ஆபத்தாகும். எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது என்று மில்லி கணக்கில் அவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது நீங்கள் கொடுக்கிற அரை டம்ளர் அந்தக் கணக்கையே கெடுத்துவிடும்.

லாசிக்ஸ் ஊசி போட்டு யூரின் நிறையப் போனால் கிட்னி சரியாகிவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். அந்த ஊசி தேங்கிய நீரை வெளியேற்ற உதவும், கிட்னியின் காயத்தை ஆற்றாது.

6. கிட்னி பாதித்துவிட்டது என்று சொன்னால்

பெரும்பாலும் செய்வது இதுதான்: பிரஷரையும் இதய ஓட்டத்தையும் சரிசெய்வது, கிட்னிக்கு ஆகாத மருந்துகளை நிறுத்துவது அல்லது அளவைக் குறைப்பது, ஸ்கேனில் அடைப்பு ஏதும் இல்லை என்று பார்ப்பது, பொட்டாசியத்தைக் கண்காணிப்பது, அப்புறம் காத்திருப்பது. காத்திருப்பதும் சிகிச்சைதான் என்பதைச் சொந்தக்காரர்களுக்குப் புரியவைப்பது கஷ்டம்.

டயாலிசிஸ் எப்போது? பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறி மருந்துக்கு அடங்காதபோது, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும்போது, ரத்தத்தில் அமிலம் கூடும்போது, கழிவு ஏறி நினைவு தடுமாறும்போது. கிரியேட்டினின் ஏறிய உடனேயே ஆரம்பித்தால் நல்லதா என்ற கேள்விக்கு 15 நாடுகளில் சுமார் 3,000 ஐசியூ நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2020-இல் பதில் சொன்னது. முந்தி ஆரம்பிப்பதால் உயிர் பிழைப்பது கூடவில்லை. அதனால் "இன்னும் ஏன் டயாலிசிஸ் ஆரம்பிக்கலை?" என்று டாக்டரோடு மல்லுக்கு நிற்பதிலும் பொருளில்லை, ஆரம்பிக்கலாம் என்று அவர் சொன்ன பிறகு கையெழுத்துப் போடாமல் இழுப்பதிலும் பொருளில்லை.

"ஒரு தடவை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் பண்ணணும்" என்பது நம் ஊரில் வேரூன்றிய பயம். தொடர்ந்து செய்ய வேண்டியிருந்தால் அது கிட்னி மீளாததால்தான், டயாலிசிஸ் செய்ததால் இல்லை. கழுத்திலோ தொடையிலோ போடுகிற டியூப் தற்காலிகமானது. பிழைத்து வருகிறவர்களில் பலருக்குச் சில வாரத்தில் யூரின் திரும்பி, டியூபை எடுத்துவிடுவார்கள். சிலருக்குத் திரும்புவதில்லை. பூசி மெழுகாமல் இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதய ஆபரேஷனுக்குப் பிறகு டயாலிசிஸ் வரை போவது உயிருக்கான ஆபத்தைப் பல மடங்கு கூட்டும் நிலை. குடும்பத்தில் முடிவெடுக்கிற ஒருவர் அந்த நாட்களில் சேலத்திலேயே இருக்க வேண்டும், போனில் பேசி முடிவெடுக்கிற நேரம் அதுவல்ல.

7. டிஸ்சார்ஜ் அன்று

பில் கட்டுகிற பரபரப்பில் டிஸ்சார்ஜ் சம்மரியை யாரும் படிப்பதில்லை. அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். முன்பிருந்த கிரியேட்டினின், அதிகபட்சமாக ஏறியது, இன்றைக்கு உள்ளது ஆகிய மூன்றும் அதில் இருக்கிறதா? இல்லை என்றால் எழுதச் சொல்லுங்கள். நிறுத்திய மாத்திரைகளை எந்தத் தேதியில், எந்த எண் வந்தால் மறுபடி ஆரம்பிப்பது? நீர் போகிற மாத்திரை எத்தனை நாள்? இன்றைய எடை எவ்வளவு? அடுத்த ரத்தப் பரிசோதனை என்றைக்கு?

கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாமல் வீட்டுக்குப் போகக் கூடாது. கிட்னி பாதித்திருந்தால் ஒரு வாரத்துக்குள் ஒரு முறை கிரியேட்டினின், பொட்டாசியம் பார்ப்பது நல்லது. அடுத்தது ஒரு மாதத்தில், அப்புறம் மூன்று மாதத்தில்.

மலைக்காரர்களுக்கு என் யோசனை: முதல் ரத்தப் பரிசோதனை முடியும்வரை கீழேயே தங்கிவிடுங்கள். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு. புதிதாகத் தைத்த நெஞ்செலும்போடு அதில் ஏறுவதும், நாலு நாளில் ரத்தம் கொடுக்க மறுபடி இறங்குவதும் சுகமான வேலை இல்லை. நாகலூர்ப் பக்கம் உள்ளே இருப்பவர்களுக்கு இரவில் மூச்சு முட்டினால் கீழே வந்து சேரும் நேரத்தையும் யோசிக்க வேண்டும். ஏறித்தான் ஆக வேண்டும் என்றால் காரில், சீட்டை லேசாகச் சாய்த்து, நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு, டிரைவரை மெதுவாகப் போகச் சொல்லுங்கள்.

8. வீட்டில்

தினமும் காலையில் யூரின் போன பிறகு, சாப்பிடும் முன், எடை. இரண்டு மூன்று நாளில் 2 கிலோ கூடினால் அது சதை இல்லை, நீர். உடனே போன் செய்யுங்கள். கால் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுவது, யூரின் நன்றாகக் குறைவது, விடாத வாந்தி, பேச்சு குழறுவது, இதில் எது வந்தாலும் காலை வரை பொறுக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ஏப்ரல், மே மாதத்தில் சேலம் வெயில் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை. வாந்தி, பேதி, கடும் வியர்வையோடு நீர் போகிற மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் சேர்ந்தால், ஆறிவருகிற கிட்னி மறுபடி அடிவாங்கும். அப்படிப்பட்ட நாளில் எந்த மாத்திரையை நிறுத்தி வைப்பது என்று டிஸ்சார்ஜ் அன்றே கேட்டு வைத்திருங்கள்.

வலிக்குப் பாராசிட்டமால், டாக்டர் சொன்ன அளவில். மெடிக்கல் காகிதக் கவர் இனி கிடையாது. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை: "வலி மாத்திரை கிட்னிக்கு ஆகாது" என்று கேட்டுவிட்டு ஆஸ்பிரினையும் நிறுத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பைபாஸ் செய்தவருக்குக் கொடுக்கிற சின்ன அளவு ஆஸ்பிரின் புதிய ரத்தக்குழாய் அடைக்காமல் இருக்க. அதை நிறுத்தக் கூடாது.

சாப்பாட்டில் உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் கொஞ்சம் குறைவு, எல்லாச் சமையலும் சேர்த்து. ஊறுகாய், அப்பளம், கருவாடு, சாயங்காலத் தட்டுவடை செட் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். தெம்புக்கு என்று தினமும் ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுக்கிற அன்பு புரிகிறது, அதிலும் உப்புதான். "சோடியம் குறைந்த உப்பு" என்று பாக்கெட்டில் வருவதை வாங்காதீர்கள். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் இருக்கும், பலவீனமான கிட்னிக்கு அது ஆபத்து.

பழத்தைப் பற்றி ஆளுக்கொரு சட்டம் போடுவார்கள். பொட்டாசியம் சரியாக இருப்பவருக்கு மாம்பழத்தையும் ஆரஞ்சையும் யாரும் தடுக்க வேண்டியதில்லை, சர்க்கரைக்காக அளவு பார்த்தால் போதும். பொட்டாசியம் ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னவருக்கு இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சு, மாம்பழம் எல்லாம் கட்டு. கிட்னிக்கு நல்லது என்று யாரோ சொன்ன வாழைத்தண்டுச் சாறும் அப்படியே. நட்சத்திரப் பழம் மட்டும் கிட்னி பலவீனமானவருக்கு எந்த அளவிலும் வேண்டாம். அதிலுள்ள நச்சை வெளியேற்ற முடியாமல் விக்கல், குழப்பம், வலிப்பு வரை போகும். புரதத்தை நீங்களாகக் குறைக்காதீர்கள். நெஞ்செலும்பு கூட, காலில் ரத்தக்குழாய் எடுத்த புண் ஆற, அது வேண்டும்.

9. மூன்றாவது மாதம்

ஆள் நன்றாக நடமாடுகிறார், தறிக்கோ கடைக்கோ போக ஆரம்பித்துவிட்டார். அதனாலேயே இந்தப் பரிசோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கிரியேட்டினின், ஈ.ஜி.எஃப்.ஆர்., யூரினில் அல்புமின், மூன்றையும் பாருங்கள். முதல் வரியில் எழுதிய எண்ணுக்குத் திரும்பியிருந்தால் வருடத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டு போகலாம். திரும்பவில்லை என்றால் அது நாள்பட்ட கிட்னி நோயாக இருக்கலாம். இதய டாக்டரோடு கிட்னி டாக்டரையும் பார்க்க வேண்டும், நிறுத்தி வைத்திருந்த பிரஷர் மாத்திரைகளில் கிட்னியைக் காப்பவற்றை மறுபடி ஆரம்பிப்பது பற்றியும் பேச வேண்டும். ஏற்காட்டில் இருப்பவர்கள் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை மக்களைத் தேடி மருத்துவம் மூலம் வீட்டிலேயே வாங்கினாலும், ரத்தப் பரிசோதனைக்கு என்று தனியாகப் போய்த்தான் ஆக வேண்டும்.

நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம். பல் பிடுங்கப் போகும்போது வலி மாத்திரை எழுதும் டாக்டரிடம், டை போட்டு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறவரிடம், வேறு ஏதாவது ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுப்பவரிடம், "பைபாஸ் சமயத்துல கிட்னி பாதிச்சுது, கடைசி எண் இது" என்று காட்டுங்கள்.